ஊசி போட்டப்புறம் ஆபரேஷன் தேதி தள்ளிப்போகக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

எங்கம்மாவுக்கு 20 வருஷமா சுகர். போன மாசம் வலது கண்ணுல கருப்பா நூல் நூலா மிதக்குதுன்னு சொன்னாங்க, ரெண்டே நாள்ல அந்தக் கண்ணுல வெளிச்சம் மட்டும்தான் தெரிஞ்சுது. விழித்திரையில புதுசா முளைச்ச ரத்தக்குழாய் உடைஞ்சு உள்ள ரத்தம் தேங்கியிருக்கு, விட்ரெக்டமி, அதாவது கண்ணுக்குள்ள இருக்கிற ஜெல்லையும் தேங்குன ரத்தத்தையும் எடுக்கிற ஆபரேஷன் பண்ணணும், அதுக்கு முன்னாடி அவாஸ்டின் ஊசி போடணும்னாங்க. தேடிப் பாத்தா அது 2004ல அமெரிக்காவுல குடல் கேன்சருக்கு அனுமதி வாங்குன மருந்து, பயந்தே போயிட்டோம். ஆனா கண்ணுக்குப் போடுறது 0.05 மில்லிதான், ஒரு சொட்டு. அதுலயே அந்தக் குழாய்லாம் சுருங்கி, ஆபரேஷன்ல ரத்தம் கம்மியாகி டாக்டருக்கு உள்ள தெளிவா தெரியுமாம், நல்ல விஷயம்தான்.

ஆனா ஊசி போட்டா சில நாளுக்குள்ள ஆபரேஷன் நடந்தாகணும், தள்ளிப்போனா, அந்தக் குழாயோட சேந்து வளந்த சவ்வும் இறுகி விழித்திரையையே இழுத்துடலாம். இத எங்களுக்கு யாருமே முன்னாடி சொல்லல சார். ஊசி போட்ட மறுநாள்தான் ஹார்ட் டாக்டர்கிட்ட ஃபிட்னஸ் வாங்கிட்டு வாங்கன்னாங்க, அன்னைக்குப் பாத்து சுகர் 320, தேதி தள்ளிப்போச்சு. அம்மா அந்த அட்மிஷன் சீட்டை மடிச்சு மடிச்சு ஓரமெல்லாம் கிழிஞ்சே போச்சு. 9வது நாள்தான் தியேட்டருக்குள்ள போனாங்க.

சுகர், ஈசிஜி, ஃபிட்னஸ் எல்லாம் முடிச்சு தேதியும் உறுதியானப்புறம் ஊசி போடுங்க, கையெழுத்து வாங்குற பேப்பர்லயும் இத தமிழ்ல எழுதுங்கன்னு எல்லா கண் ஆஸ்பத்திரிகளையும் கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை