கணக்கெடுப்பு பாரத்துல எங்களுக்கும் ஒரு கட்டம் போடுங்க

கல்வித்துறையில இருக்கற ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும், சட்டசபையில எங்களுக்காக கை தூக்குறவங்களுக்கும் வணக்கம்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு கிராமத்துல இருந்து எழுதறேன். வீடு பெருசு, ஆளு கம்மி, செட்டிநாட்டுல எந்த ஊருக்குப் போனாலும் இதே கததான். முகப்புல இருந்து அடுப்படிக்குப் போறதுக்குள்ள கால் வலிக்கிற வீட்டுல நாங்க மொத்தமே அஞ்சு பேரு, நானு, வீட்டுக்காரர், மாமியார், ரெண்டு புள்ளைங்க. மூத்தவனுக்கு 11, சின்னவளுக்கு 8. ரெண்டு பேரும் ஸ்கூலுக்குப் போகல, வீட்டுலயே படிக்கிறாங்க. இத டைப் பண்றப்பவே என்னமோ போலீஸ் ஸ்டேஷன்ல வாக்குமூலம் குடுக்கற மாதிரி இருக்கு பாருங்க, அதப்பத்திதான் இந்த லெட்டர்.

போன தடவ பள்ளி செல்லா குழந்தைகள் கணக்கெடுப்புன்னு ஒரு டீச்சர் வந்தாங்க. சின்னப் பொண்ணு, வெயில்ல ஸ்கூட்டி ஓட்டி முகமெல்லாம் செவந்து போச்சு. திண்ணையில உக்கார வச்சு மோர் குடுத்தேன். "ஆச்சி, தம்பி இன்னிக்கு லீவா?"ன்னாங்க. இல்லம்மா, அவன் ஸ்கூல்லயே இல்ல, நாந்தான் சொல்லித்தர்றேன்னு சொன்னேன். அவங்க கையில இருந்த பாரத்த மேலயும் கீழயும் பாக்கறாங்க, நானும் எட்டிப் பாக்கறேன். வேலைக்குப் போறானா, இல்ல. உடம்பு சரியில்லையா, இல்ல. வெளியூர்ல இருந்து பொழைக்க வந்த குடும்பமா, ஏழு தலமொறையா இதே வீடு. வறுமையான்னு அவங்களே கேக்கல, தலைக்கு மேல இருந்த பர்மா தேக்கு உத்தரத்த ஒரு பார்வ பாத்தாங்க அவ்வளவுதான். இவன் உள்ள இருந்து அட்லஸ தூக்கிட்டு வந்து "டீச்சர், ரங்கூன்ல இருந்து நாகப்பட்டினம் எத்தன மைல் தெரியுமா"ன்னு ஆரம்பிச்சுட்டான். அந்தப் பொண்ணு சிரிச்சுது, ஆனா பாவம், என்ன எழுதறதுன்னுதான் தெரியல. கடைசியில "ஆச்சி தப்பா நெனச்சுக்காதீங்க"ன்னுட்டு 'பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லை'ன்னு எழுதப் போனாங்க. எனக்கு சிரிப்பும் வந்துச்சு கோவமும் வந்துச்சு.

சரி விஷயத்துக்கு வர்றேன்.

2002ல அரசியல் சட்டத்துல 86வது திருத்தம் வந்துச்சு. அதுல 21ஏன்னு ஒண்ணு, 6 வயசுல இருந்து 14 வயசு வரைக்கும் புள்ளைங்களுக்கு இலவசக் கட்டாயக் கல்வி குடுக்கணும்னு அரசாங்கத்துக்கு சொல்லுது. அதே திருத்தத்துலதான் 51ஏ (கே), அது பெத்தவங்களுக்கு, புள்ளைக்கு கல்விக்கான வாய்ப்ப ஏற்படுத்திக் குடுக்கணும்னு. நல்லா கவனிங்க, ரெண்டுலயும் இருக்கற சொல்லு கல்வி. அப்புறம் 2009ல கல்வி உரிமைச் சட்டம் போட்டு 2010 ஏப்ரல் 1ல இருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தீங்க, அதோட 10வது பிரிவுலதான் பெத்தவங்க புள்ளைய பக்கத்துப் பள்ளிக்கூடத்துல சேக்கணும், அது அவங்க கடமைன்னு வருது. கல்வின்னு இருந்தது பள்ளிக்கூடம்னு ஆனது இங்கதான். ஆனா சேக்கலன்னா பெத்தவங்களுக்கு இன்ன தண்டனைன்னு அந்த சட்டத்துல எங்கயும் இல்ல. அதனால நாங்க சட்டத்த மீறுனவங்களான்னு கேட்டா ஒரு வக்கீல் ஆமாங்கறாரு இன்னொருத்தர் இல்லங்கறாரு, மூணாவது வக்கீலுக்கு பீஸ் குடுக்க எங்கிட்ட காசு இல்ல.

நீங்களே ஒரு முடிவுக்கு வரலயே. டெல்லி ஹைகோர்ட்ல இது சம்பந்தமா ஒரு கேஸ் நடந்தப்ப, 2012ல மத்திய அரசு மொதல்ல, விரும்பி வீட்டுல வச்சு சொல்லித்தர்றவங்க அப்படியே செய்யலாம், இந்த சட்டம் குறுக்க வராதுன்னு மனு போட்டுச்சு. அப்புறம் அதையே மாத்திக்கிச்சு. அதே 2012ல சட்டத்த திருத்துனப்ப, கடுமையான ஊனம் இருக்கற புள்ளைங்க, பல வகை ஊனம் இருக்கற புள்ளைங்க வீட்டுல இருந்தே கல்வி பெறலாம்னு சேத்தாங்க. வேத பாடசாலை, மதரசா மாதிரி மதக் கல்வி குடுக்கற இடத்துக்கு இந்த சட்டம் பொருந்தாதுன்னும் அதே திருத்தத்துலதான் வந்துச்சு. நம்ம பிள்ளையார்பட்டியிலயே வேதமும் ஆகமமும் படிக்கிற பசங்கள நீங்க பாத்திருப்பீங்க. அத நான் குறை சொல்லல. ஸ்கூல் கட்டடத்துக்கு வெளியவும் கல்வின்னு ஒண்ணு இருக்குன்னு சட்டமே ஒத்துக்கிட்டாச்சு, அப்புறம் எங்களுக்கு மட்டும் ஏன் வாயத் தொறக்க மாட்டேங்கறீங்கன்னுதான் கேக்கறேன்.

கொரோனா சமயத்துல 2020 மார்ச்சுல மூடுன ஸ்கூல, ஒண்ணுல இருந்து எட்டாவது வரைக்கும் 2021 நவம்பர் 1லதான் தொறந்தீங்க. என் பையனோட ஒண்ணாங்கிளாஸ் முழுசும் என் போன்லதான் நடந்துச்சு. அந்த வருஷம்தான் இல்லம் தேடிக் கல்வின்னு தன்னார்வலர்கள தெருத்தெருவா அனுப்புனீங்க, எங்க தெருவுலயும் சாயந்தரமானா ஒரு அக்கா திண்ணையில புள்ளைங்கள உக்கார வச்சு பாட்டு சொல்லிக் குடுத்துச்சு, நல்ல திட்டம், நான் கையெடுத்துக் கும்புடறேன். நீங்க வீட்டத் தேடி வந்தா அது திட்டம், நாங்க வீட்டுல இருந்தே சொல்லித்தந்தா அது விழிப்புணர்வு இல்லாததா?

மூத்தவன ஸ்கூல்ல இருந்து ஏன் நிறுத்துனேன்னு எல்லாரும் கேக்கறாங்க. பெரிய கொள்கையெல்லாம் ஒண்ணுமில்ல. ஸ்கூல் தொறந்த பெறகு வேன்ல போக முக்கா மணி நேரம், வர முக்கா மணி நேரம். இவன் மெதுவாத்தான் படிப்பான், ஒரு வரிய ரெண்டு தடவ படிப்பான், ஆனா படிச்சத மறக்க மாட்டான். மூணாங்கிளாஸ்ல டைரியில சிவப்பு மையில ஸ்லோ லேர்னர்னு எழுதி அனுப்புனாங்க. அத அவனே எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு எங்கிட்ட அர்த்தம் கேட்டான். அன்னிக்கு ராத்திரி நாங்க ரெண்டு பேரும் தூங்கல. ஆறு மாசம் வச்சுப் பாப்போம்னு ஆரம்பிச்சது, இன்னும் ஓடுது.

என் மாமியாருக்குத்தான், அதாவது புள்ளைங்களோட அப்பத்தாவுக்குத்தான், இது புடிக்கவே இல்ல. "ஏத்தா, ஊரு என்ன சொல்லும், புள்ளய மாடு மேய்க்க விட்டுட்டான்னு சொல்லாதா"ன்னு ஒரு மாசம் எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசல. இப்ப என்னடான்னா வளவுல, அதான் வீட்டு நடு முத்தத்துல, ஊஞ்சல்ல உக்காந்துக்கிட்டு அரைக்கால் (எட்டுல ஒண்ணு), மாகாணி (பதினாறுல ஒண்ணு)ன்னு பழைய வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கறது அவுகதான். நாலு மாகாணி ஒரு கால், ரெண்டு அரைக்கால் ஒரு கால்னு சின்னவ புளியங்கொட்டைய வச்சுப் பிரிச்சுப் பாத்துக் கத்துக்கிட்டா, பின்னத்துக்கு நான் தனியா பாடமே எடுக்கல. (அவ கேட்ட கேள்வி, "அப்பத்தா, பத்து காசயே கடையில வாங்க மாட்டேங்கறாங்க, மாகாணிய யாரு வாங்குவா?" அப்பத்தாகிட்ட பதில் இல்ல.) ஆத்தங்குடியில தரைக்குப் பதிக்கற கலர் கல்லு (டைல்ஸ்) போடற பட்டறைக்குக் கூட்டிட்டுப் போனேன், கண்ணாடி மேல கலர ஊத்தி, அதுக்கு மேல சிமெண்டும் மணலும் போட்டு அமுக்கி, காயவச்சு தண்ணித் தொட்டியில ஊற வைக்கறத ரெண்டும் வாயப் பொளந்து பாத்துச்சுங்க. வந்து 12க்கு 14 அடி ரூமுக்கு எட்டு இஞ்ச் கல்லு எத்தன வேணும்னு கணக்கு போட்டாங்க. 378. மூத்தவன் அதோட நிக்காம ஒடையறதுக்கு இருபது கூடச் சேத்துக்கலாம்னான், அத அந்தப் பட்டறைக்காரர் சொல்லிக் குடுத்தது.

நம்ம பக்கத்துல இது புதுசும் இல்ல. கொண்டுவிக்கப் போன காலத்துல, அதாவது கடல் தாண்டி தொழில் பண்ணப் போன காலத்துல, பெட்டியடிப் பையனா (எடுபிடியா) கடையில போய் உக்காந்து, அப்புறம் அடுத்தாளு, அப்புறம் மேலாளுன்னு பர்மாவுலயும் மலாயாவுலயும் வட்டிக்கணக்கு பாத்து வளந்தவங்க கட்டுன வீடுதான இதெல்லாம். ஆனா இத ரொம்பப் பெருமையா சொல்லவும் எனக்கு மனசு வரல. அந்தக் காலத்துல பாடம் நடந்த திண்ணையில எல்லாரும் உக்கார முடியல. பொம்பளப் புள்ளைங்களையும் உக்கார விடல, எங்க வீட்டு அப்பத்தாவுக்கே கையெழுத்துக்கு மேல எழுத வராது, அந்த வாய்ப்பாடெல்லாம் அவுக அண்ணன் படிக்கறப்ப கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டது. காமராஜர் 1956ல மதிய சாப்பாடு போட்டு ஸ்கூலுக்குக் கூப்பிடலன்னா, வள்ளல் அழகப்ப செட்டியார் அவரு சொத்த அள்ளி காரைக்குடியில காலேஜுக்கும் ஆராய்ச்சிக் கூடத்துக்கும் குடுக்கலன்னா இந்தப் பக்கத்துல எத்தன வீட்டுல வெளக்கு எரிஞ்சிருக்கும். கவர்மெண்ட் ஸ்கூல் வேணாம்னு நான் சொல்லவே மாட்டேன். ஹோம்ஸ்கூல்னு சொல்லிக்கிட்டு கவர்மெண்ட் டீச்சர மட்டம் தட்டுற கூட்டம் ஒண்ணு இருக்கு, அவங்களோட எனக்கு ஒட்டாது.

உங்க பயமும் எனக்குப் புரியுது. வீட்டுல படிக்கிறான்னு சொல்லிட்டு புள்ளைய பட்டறையில வேலைக்கு விடுவாங்க, பொண்ண பதினஞ்சு வயசுல கட்டிக் குடுத்துருவாங்க. நடக்கும்தான், இல்லன்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம். அதுக்குத்தான் கேக்கறேன், எங்கள பதிவு பண்ணுங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவ வாங்க, புள்ளைய தனியா உக்கார வச்சுப் பேசுங்க, நோட்ட பாருங்க, படிக்கத் தெரியுதா கணக்கு வருதான்னு பாருங்க. மறைச்சு வைக்கறவன் பதிவு பண்ண வரமாட்டான், அப்ப அவனத் தேடறது உங்களுக்கும் சுலபம். இப்ப என்ன ஆகுதுன்னா நாங்களும் அவனும் ஒரே லிஸ்ட்ல இருக்கோம்.

இங்கிலாந்துல 1996 கல்விச் சட்டத்துலயே பள்ளிக்கூடத்துலயோ வேற வழியிலயோ கல்வி குடுக்கணும்னு இருக்கு, அந்த 'வேற வழி'ங்கற ஒரு சொல்லுலதான் அங்க இருக்கற ஹோம்ஸ்கூல் குடும்பமெல்லாம் நிக்குது. ஜெர்மனியில நேர் எதிர், 2013ல ஒரு வீட்டுல நாலு புள்ளைங்கள போலீஸோட வந்து கூட்டிட்டுப் போய் மூணு வாரம் வச்சிருந்தாங்க, 2019ல ஐரோப்பிய மனித உரிமை கோர்ட்டும் அதுல தப்பில்லைன்னுருச்சு. 1948 மனித உரிமைப் பிரகடனத்துல 26வது பிரிவு, புள்ளைக்கு எந்த மாதிரி கல்வின்னு தேர்ந்தெடுக்கற முன்னுரிமை பெத்தவங்களுக்குன்னு சொல்லுது, அதுக்கு இந்தியாவும் ஓட்டு போட்டுச்சு. நம்ம ஊர்ல அந்தளவுக்கு யாரும் கதவத் தட்டல, அது நம்ம மனுசங்களோட நல்ல குணம். ஆனா வர்ற டீச்சரோட நல்ல குணத்த நம்பி எத்தன நாளு இருக்கறது, அடுத்து வர்றவரு வேற மாதிரி இருந்தா?

இதுல பெரிய வேடிக்க என்னன்னா, பன்னண்டர வயசானா எட்டாவது பரீட்சைய தனித்தேர்வரா எழுத நீங்களே விடறீங்க. பதினாலு வயசானா என்.ஐ.ஓ.எஸ்ல பத்தாவது எழுதலாம், அது ஸ்கூலுக்குப் போகாமலே பரீட்சை எழுத மத்திய அரசு நடத்தற திறந்தநிலைப் பள்ளி போர்டு. பரீட்சைக்கு வந்து உக்காந்தா சரிங்கறீங்க, அதுக்கு முன்னாடி எங்க படிச்சான்னு ஒரு எடத்துலயும் பதியறதுக்கு வழி இல்ல. ஸ்கூல்ல இருந்து டிசி வாங்குன நாள்ல இருந்து என் பையன் எமிஸ்ல (உங்க கம்ப்யூட்டர் மாணவர் பதிவேட்டுல) எந்த ஸ்கூல்லயும் சேராதவங்கள போடற காமன் பூல்ல கெடக்கறான், ஏதோ ஊருணியில வுழுந்த செருப்பு மாதிரி. சிலம்பப் போட்டிக்குப் பேரு குடுக்கப் போனா ஹெட்மாஸ்டர் கையெழுத்து வேணுங்கறாங்க. பஸ் பாஸ் கெடயாது. அவன் வாலிபால் ஆட ஆளு தேடி பக்கத்து ஊருக்கு சைக்கிள் மிதிக்கறான், அது எங்க பக்கத்துல இருக்கற குறை, அதையும் சொல்லிர்றேன். சயின்ஸுக்கு லேப் இல்லாததும் குறைதான். பக்கத்து கவர்மெண்ட் ஸ்கூல் லேப்ல மாசம் ஒரு நாள் உக்கார விட்டா எவ்வளவு நல்லா இருக்கும்.

நாங்க கேக்கறது பணமில்ல, சலுகையில்ல. ஒரு ஜீ.ஓ., அதான் அரசாணை, போதும். வீட்டுல வச்சு சொல்லித்தர்ற பெத்தவங்க இன்ன ஆபீஸ்ல பதியலாம், அப்படிப் பதிஞ்ச புள்ளைய இடைநின்ற குழந்தைன்னு எழுதக்கூடாது, எமிஸ்ல அதுக்குன்னு ஒரு கட்டம் இருக்கணும், எப்ப வேணாலும் வயசுக்கேத்த வகுப்புல சேந்துக்கலாம். அந்தக் கடைசி விஷயம் கல்வி உரிமைச் சட்டத்தோட 4வது பிரிவுலயே இருக்கு, நீங்க புதுசா எழுதக்கூட வேணாம். சின்னவ வேற இப்பவே ஆறாவதுல இருந்து ஸ்கூலுக்குப் போறேங்கறா, யூனிபார்ம் போடணுமாம், ரெட்ட ஜடை போட்டுக்கணுமாம். போகட்டும், நான் தடுக்க மாட்டேன்.

அந்த டீச்சர் கடைசியில 'விழிப்புணர்வு இல்லை'ய எழுதல. மோர் டம்ளர கீழ வச்சுட்டு கொஞ்ச நேரம் யோசிச்சு, ஓரத்துல 'மற்றவை'ன்னு எழுதி, பக்கத்துல பென்சில்ல சின்னதா வீட்டில் படிக்கிறார்னு எழுதிக்கிட்டாங்க. அவசரத்துல பேனாவ திண்ணையிலயே விட்டுட்டுப் போயிட்டாங்க. எடுத்து வச்சிருக்கேன், அடுத்த கணக்கெடுப்புக்கு வர்றப்ப வாங்கிக்கட்டும்.

இப்படிக்கு,
கானாடுகாத்தான் பக்கத்துல இருந்து ரெண்டு புள்ளைங்களோட அம்மா