டிரிப்பரைக் கழற்றாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. கெய்சர் போட்டுப் பத்து நிமிடத்தில் வீடு முழுக்கக் கரண்ட் போகிறது. வந்து பார்த்தவர் "இந்த இ.எல்.சி.பி.யை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்துவிடலாம்" என்கிறார். அதுதான் நாம் டிரிப்பர் என்பது, கரண்ட் கசிந்தால் அறுத்துவிடும் கருவி. ஓசூர் குளிரில் பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டுமே என்று நீயும் சரி சொல்லப் போகிறாய். வேண்டாம் தம்பி. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ வேலைக்குப் போன வருஷம், ஐப்பசி மழையில் இங்கே செல்லூர் வீட்டில் நடந்ததை உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. நீ பதறுவாய் என்று விட்டுவிட்டேன்.

அப்போது உன் தங்கச்சி அயர்ன் பாக்ஸ் போடும்போதெல்லாம் டப்பென்று கரண்ட் போகும். லைட், ஃபேன் ஓடினால் ஒன்றும் ஆகாது. அயர்ன் பாக்ஸ்தான் கெட்டுவிட்டது என்று தூக்கிப் பரணில் போட்டேன். அப்புறம் இண்டக்‌ஷன் அடுப்பு வைத்தாலும் போனது. ஒரு நாள் தரையைக் கழுவ மாவுக் கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தேன். அன்று முழுக்க எதைப் போட்டாலும் கரண்ட் போகவில்லை. கிரைண்டரோ அந்த நேரங்களில் ஓடவே இல்லை, சுவிட்சும் அணைத்துத்தான் இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

தெருவில் வயரிங் வேலை பார்க்கும் பையன் வந்தான். மூன்று பின் பிளக்கை வெட்டிவிட்டு, கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் வயர் இல்லாமல் டூ பின் போட்டுக் கொடுத்தான். அதோடு டிரிப் ஆவது நின்றது. எனக்குச் சந்தோஷம். நாலு நாள் மாவு ஆட்டி விற்றேன். ஐந்தாம் நாள் பிளக்கைத் திருப்பிச் சொருகிவிட்டேன் போலிருக்கிறது. சுவிட்சைப் போட்டேன். உன் தங்கச்சி ஈரக் கையோடு டிரம்மைத் தொட்டாள். அவள் அலறியதும் வீடு இருண்டதும் ஒரே நொடியில். கையை உதறிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அந்த டிரிப்பர் மட்டும் இல்லாதிருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது.

சிம்மக்கல் பக்கம் மோட்டார் காயில் கட்டும் பெரியவர் ஒருவரை அப்பா கூட்டி வந்தார். அவர்தான் எனக்குப் புரியும்படி சொன்னார். கிரைண்டருக்குள் நியூட்ரல் வயரின், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயரின் தோல் இரும்புச் சட்டத்தில் உரசிக் கிழிந்திருந்தது. கழுவுகிற தண்ணீரும் அங்கேதான் போய்த் தேங்கியிருக்கிறது. நம் போர்டில் சுவிட்ச் அணைத்தால் கரண்ட் வரும் பேஸ் வயர் மட்டும்தான் அறும், நியூட்ரல் அப்படியே நிற்கும். அதனால் அயர்ன் பாக்ஸுக்குப் போன கரண்ட் திரும்பும்போது, ஒரு பங்கு நியூட்ரலை விட்டுவிட்டுக் கிரைண்டரின் எர்த் வழியே மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. ஃபேன் இழுப்பது சொற்பம், அதில் கசிவதும் சொற்பம். அயர்ன் பாக்ஸ் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதனால் அது போட்டதும் டிரிப்பர் இறங்கியது. பாவம், நான் அதைப் போய்க் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். எர்த்தை வெட்டியதும் கசிவுக்கு வழி இல்லாமல் டிரிப் ஆவது நின்றது. பிளக்கைத் திருப்பியதும் அந்தக் கிழிந்த வயரில் பேஸ் வந்து, இரும்பிலேயே கரண்ட் ஏறிவிட்டது.

அந்த டிரிப்பர் செய்வது ஒன்றே ஒன்றுதான். போன கரண்ட் அத்தனையும் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வீடுகளில் போடுவது 30 மில்லியாம்பியர். திரும்புவதில் அந்த அளவு குறைந்தாலே கண் சிமிட்டும் நேரத்தில் அறுத்துவிடும். பக்கத்தில் இருக்கும் எம்.சி.பி. அப்படி இல்லை. அது ஓவர்லோடும் ஷார்ட்டும்தான் பார்க்கும். 6 ஆம்பியர் எம்.சி.பி. ஓர் ஆள் சாகிற கரண்டைப் பேசாமல் விட்டுவிடும்.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். முதலில் எல்லாப் பிளக்கையும் பிடுங்கு. சுவிட்ச் அணைத்தால் போதாது, கிரைண்டர் கதை அதுதான். எதுவும் இல்லாமலே டிரிப்பரின் லீவர் நிற்கவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் வயரிங்கில். அதை ஆள் வைத்துத்தான் பார்க்க வேண்டும். நின்றால் ஒவ்வொன்றாகச் சொருகு. அவசரப்படாதே, ஒவ்வொன்றையும் அதன் முழு வேலையையும் செய்யவிடு. வாஷிங் மெஷின் தண்ணீர் எடுக்கும்போது ஒழுங்காக இருந்துவிட்டு, சுடவைக்கும்போது இறங்கலாம். பனி கட்டாத வகைப் பிரிட்ஜ் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை பனி உருக்க உள்ளே ஒரு ஹீட்டர் போடும், நடுராத்திரியில் கரண்ட் போகிற வீடுகளில் அதையும் பார்க்கச் சொன்னார் பெரியவர். சந்தேகப்படுகிற சாமானை வேறு பிளக் பாயின்ட்டில் எர்த்தோடு போட்டுப் பார். அங்கேயும் இறங்கினால் குற்றம் பெரும்பாலும் அந்தச் சாமானில்தான்.

நீ சொல்வதைக் கேட்டால் எனக்குக் கெய்சர் காயில் மேல்தான் சந்தேகம். போர் தண்ணீர் என்றாய். உப்புப் படிந்து காயிலின் வெளிக்குழாய் அரித்துவிட்டால், உள்ளே கரண்ட் கசியாமல் தடுக்கும் பொடி ஈரம் குடித்துவிடும், கரண்ட் தண்ணீருக்குள் கசியும். சூடேறி விரிசல் விரிந்த பிறகு இறங்குவதும் உண்டு, உன் பத்து நிமிடம் அதுவாக இருக்கலாம். சாதாரண மீட்டர் வைத்துப் பார்த்து "காயில் நன்றாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் விடாதே. கசிவைச் சோதிக்கும் மெகர் என்ற மீட்டர் வைத்து 500 வோல்ட்டில் பார்க்கச் சொல். நீயாகத் திறக்காதே. காயில் மாற்றுவது பெரிய செலவில்லை, பணம் வேண்டுமென்றால் அம்மா அனுப்புகிறேன்.

வருகிற ஆளிடம் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்றும் கேள். எல்லாம் முடிந்ததும் டிரிப்பரில் இருக்கும் 'டி' என்ற டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார், உடனே இறங்க வேண்டும். நான் மாதம் ஒரு தடவை, அமாவாசைக்கு வீடு கழுவும் முன்னால் அமுக்குகிறேன்.

அதுவரைக்கும் கெய்சரைப் போடாதே. பேத்திக்குக் கேஸ் அடுப்பில் வெந்நீர் வைக்கச் சொல்லி மருமகளிடம் நானே பேசிவிட்டேன். அந்த ஆள் வந்து போனதும் எனக்குப் போன் பண்ணு, எந்த நேரமானாலும் எடுப்பேன்.

அம்மா