முதலில் பாடி, பிறகு ஸ்பிரிங்

ஊட்டி
தை மாதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்து சேர்ந்தது. நலம் விசாரிப்பை இரண்டே வரியில் முடித்துவிட்டு, உன் மகனுடைய காரின் சஸ்பென்ஷனைப் பற்றி மூன்று பக்கம் நீ எழுதியிருந்ததைப் பார்த்து என் மனைவி சிரித்துவிட்டாள். நானும் அதையேதான் செய்யப் போகிறேன். இங்கே எல்லாரும் நலம். தலைகுந்தாப் பக்கம் காலையில் புல்வெளி முழுவதும் உறைபனியாகக் கிடக்கிறது. என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கோவை கரி மோட்டார் ஸ்பீடுவேயில் ஓட்டுவதற்காகக் காரை 40 மில்லிமீட்டர் தாழ்த்திக் கடினமான ஸ்பிரிங் போட்டாயிற்று, அடுத்ததாக, வளைவில் கார் சாய்வதைக் குறைக்க இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஆன்டி ரோல் பாரைப் பின்பக்கம் தடித்ததாகப் போடலாமா என்று கேட்டிருந்தாய். அதை வாங்குவதற்கு முன் என் பழைய சிவப்புக் காருக்கு நேர்ந்ததைக் கேள். அது முன்சக்கர இழுவைக் கார் என்பதும், வளைவில் கொஞ்சம் வேகமாக நுழைந்தால் மூக்கை வெளியே தள்ளிக்கொண்டு போகும் என்பதும் உனக்குத் தெரியும். பின்பக்கத்தை இறுக்கினால் இந்தக் குணம் குறையும் என்று கணக்குப் போட்டு, 20 மில்லிமீட்டர் பாரைக் கழற்றிவிட்டு, கோவையில் ஒரு பட்டறையில் 24 மில்லிமீட்டரில் செய்யச் சொல்லி வாங்கி மாட்டினேன். முறுக்கத்தை எதிர்க்கும் வலு விட்டத்தின் நான்காம் மடியில் ஏறும் என்று கல்லூரியில் நாம் மனப்பாடம் செய்தோமே, அதன்படி நான்கு மில்லிமீட்டர் கூடினாலே வலு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். அவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்துவிட்டுக் கல்லட்டி மலைப்பாதையில் இறங்கினேன். நீலகிரிப் பதிவெண் என்பதால் அந்தப் பாதையில் என்னைக் கீழே இறங்க விடுகிறார்கள். 36 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மசினகுடி போய்ச் சேர்ந்தபோது, பழைய பாருக்கும் புதிய பாருக்கும் வித்தியாசம் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

கணக்கில் தவறு இல்லையென்றால் இரும்பில்தான் தவறு இருக்க வேண்டும். நம் ஊர்ப் பட்டறைக்காரர் பாரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பின்பக்க இடது சக்கரத்துக்கு அருகே ஜாக்கி வைத்துச் சக்கரம் தரையை விட்டு எழும்பும்வரை ஏற்றிவிட்டு, ஓட்டுநர் கதவைத் திறந்து மூடச் சொன்னார். சமதரையில் சத்தமில்லாமல் மூடும் கதவு, இப்போது பூட்டு நாக்கில் இடித்துக்கொண்டு நின்றது. கதவின் மேல் மூலையில் தீப்பெட்டி அட்டையைச் செருகிப் பார்த்தார். முன்பு தாராளமாக நுழைந்த அட்டை, அங்கே சிக்கி மடங்கியது. “கட்டில் சட்டமே ஆடுது, நீங்க கயித்தை இழுத்து இழுத்துக் கட்டுறீங்க சார்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் இருந்ததைப் புரிந்துகொள்ள எனக்கு ஓர் இரவு பிடித்தது.

அந்த இரவில் காகிதத்தில் போட்டுப் பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வளைவில் திரும்பும் காரின் எடை உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. மொத்தத்தில் எவ்வளவு மாறும் என்பதை ஈர்ப்பு மையத்தின் உயரமும், இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலமும், எவ்வளவு வேகத்தில் எவ்வளவு இறுக்கமாகத் திரும்புகிறோம் என்பதுமே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஸ்பிரிங்கும் பாரும் அந்த மொத்தத்தைப் பெரிதாக மாற்றுவதில்லை. முன் ஜோடி எவ்வளவு சுமக்க வேண்டும், பின் ஜோடி எவ்வளவு சுமக்க வேண்டும் என்று பங்கு பிரிப்பதே அவற்றின் வேலை. டயரின் மேல் எடை இரட்டித்தால் பிடி இரட்டிப்பதில்லை, அதைவிடக் குறைவாகவே ஏறுகிறது; ஆகவே எந்த ஜோடியில் எடை அதிகமாக ஒரு பக்கம் சாய்கிறதோ அந்த ஜோடியின் கூட்டுப் பிடி குறைகிறது. பின் பாரைத் தடிமனாக்கினால் பின் ஜோடி அதிகப் பங்கைச் சுமந்து பிடியை இழக்க, முன் ஜோடிக்கு அந்த அளவுக்குச் சுமை குறைந்து மூக்கு உள்ளே திரும்புகிறது. பாடநூல் சொல்வதும் நான் நம்பியதும் இதுதான்.

ஆனால் இந்தப் பங்கு பிரிப்பெல்லாம் முன்னையும் பின்னையும் இணைக்கும் பாடி வழியாகத்தான் நடந்தாக வேண்டும். பாடியும் ஒரு ஸ்பிரிங்தான், முறுக்கு ஸ்பிரிங். அது துவண்டு கொடுத்தால், பின்பக்கம் நான் போட்ட இறுக்கம் முன்பக்கத்துக்குப் போய்ச் சேராமல் நடுவில் இருக்கும் தகரத்தை முறுக்குவதிலேயே செலவாகிவிடும். முற்றிலும் துவளும் ஒரு பாடியைக் கற்பனை செய்து பார்: முன்பாதி தன் எடையைத் தானே சுமந்து சாயும், பின்பாதியும் அப்படியே, பாரை எத்தனை தடிமனாக்கினாலும் ஒன்றின் சுமையில் ஒரு கிலோவைக்கூட மற்றொன்று வாங்கிக்கொள்ளாது.

கதவுப் படிக்கு உள்ளே இருபுறமும் நீளவாக்கில் தகரப் பெட்டி போல ஓடும் பகுதிதான் பாடியின் முறுக்க வலுவுக்குப் பெரும் பங்கு தருகிறது. இந்த ஊர் மூடுபனியில் நின்று நின்று, என் காரில் இரு பக்கமும் அது உள்ளிருந்தே துருப்பிடித்துப் போயிருந்தது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்ததால் நான் கவனிக்கவே இல்லை. ஸ்குரூ டிரைவரால் குத்தியபோது பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. பாரைப் பிடிக்கும் கிளாம்பைச் சுற்றியும் தரைத் தகரம் மயிரிழையாக விரிந்திருந்தது. டிங்கர் வேலைக்கு மூன்று வாரம் ஆயிற்று. அழுகியதை வெட்டி எறிந்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, உள்ளே மெழுகு அடித்து முடித்தார்கள்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். அதே பார், அதே ஸ்பிரிங், அதே டயரோடு மறுபடியும் கல்லட்டியில் இறங்கினேன். ஈரமான ஒரு வளைவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த நொடியில் பின்பக்கம் விலகிச் சறுக்கியது. சுவரில் தட்டாமல் தப்பியதற்குக் காரணம் என் திறமை அல்ல, வேகம் குறைவாக இருந்ததுதான். ஒன்றும் செய்யவில்லை என்று நான் ஏளனம் செய்த 24 மில்லிமீட்டர் பார், செங்குத்தான இறக்கத்தில் பின்சக்கரங்களின் எடை ஏற்கெனவே குறைந்திருக்கும் இடத்தில், சொன்ன வேலையை அப்படியே செய்துவிட்டது. மறுநாளே பழைய 20 மில்லிமீட்டர் பாரை மாட்டினேன். கார் இப்போது இருப்பதுபோல இவ்வளவு நன்றாக என்றைக்கும் இருந்ததில்லை.

பந்தயக் கார் கட்டியவர்கள் இதை எப்போதோ அறிந்திருந்தார்கள். லோட்டஸ் நிறுவனத்தை உருவாக்கிய காலின் சாப்மன் 1962-இல் லோட்டஸ் 25 பந்தயக் காரைக் குழாய்ச் சட்டம் இல்லாமல், அலுமினியத் தகட்டுப் பெட்டியே சட்டமாக நிற்கும் மோனோகாக்காகக் கட்டியபோது, சட்டம் எடை குறைந்ததோடு விறைப்பும் கூடியது. ஓட்டுநர் ஜிம் கிளார்க் 1963-இல் அதில்தான் உலகச் சாம்பியன் ஆனார். 1996-இல் வந்த லோட்டஸ் எலீஸின் அலுமினியச் சட்டம் பசையால் ஒட்டப்பட்டது, எடை 68 கிலோதான். சட்டம் விறைப்பாக இருந்ததால், அந்தக் காரில் மென்மையான ஸ்பிரிங்கையே வைத்துக்கொண்டு திருப்பத்தில் துல்லியத்தையும் பெற முடிந்தது. கடினமான ஸ்பிரிங் போட்டால்தான் கார் நன்றாகத் திரும்பும் என்று நினைக்கும் உன் மகனுக்கு இதை மட்டுமாவது படித்துக் காட்டு.

தாழ்த்தியதைப் பற்றி எனக்கு உண்மையில் வருத்தம்தான். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக நிற்கும் ஸ்ட்ரட் வைத்த முன்பக்கத்தை 40 மில்லிமீட்டர் இறக்கினால், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை (லோயர் ஆர்ம்) கிடையாகவோ மேல்நோக்கியோ சாய்ந்துவிடும். ஈர்ப்பு மையம் இறங்குவதைவிட, பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர் அதிகமாக இறங்குவதால், பாடி சாய்வதற்கான நெம்புகோல் நீளம் கூடுகிறது. அதைச் சமாளிக்க இன்னும் கடினமான ஸ்பிரிங் தேவைப்படுகிறது. அத்துடன், ஷாக் கீழே போக இடம் குறைந்து, வளைவின் நடுவே பம்ப் ஸ்டாப் என்ற கடைசித் தடுப்பில் முட்டும். முட்டிய கணத்தில் அந்த முனையின் இறுக்கம் பல மடங்கு எகிறி, மூக்கு சட்டென்று வெளியே தள்ளும். பந்தயத் தடத்தின் வழவழப்பில் இது அவ்வளவாகத் தெரியாமல் போகலாம். ஒட்டுப்போட்ட நம் மலைப்பாதையில், டயர் தரையை விட்டு எழும்பும் ஒவ்வொரு முறையும் பிடியே இருக்காது. அழுந்திய ஷாக் திரும்ப நீளும் வேகத்தையும் மிகையாகக் குறைத்து வைத்திருந்தால், ஒரு மேட்டிலிருந்து சக்கரம் திரும்பிவருவதற்குள் அடுத்த மேடு வந்து, கார் படிப்படியாகக் கீழே அமர்ந்துகொண்டே போகும்.

இன்ஜின் அறையில் இரண்டு ஸ்ட்ரட்டுகளையும் இணைக்கும் குறுக்குக் கம்பி போடலாமா என்றும் கேட்டிருந்தாய். ஸ்ட்ரட் தலைகள் ஒன்றையொன்று விட்டு அசைவதை அது தடுக்கும். பாடியின் முறுக்கத்துக்கு அதனால் பெரிய பயனில்லை. அந்தப் பணத்துக்கு லோயர் ஆர்ம் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ்களைப் புதிதாக மாற்று.

மாசியில் மகனை அழைத்துக்கொண்டு இங்கே வருவதாக எழுதியிருந்தாய். பாருக்குப் பணம் கட்டுவதற்கு முன் காரை ஜாக்கியில் ஏற்றி, நான்கு கதவுகளையும் மூடிப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. தீப்பெட்டி அட்டை போதும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்