கர்ப்பிணிகளுக்கான ஊசித் தேதியை அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மருமகளுக்கு இது ஏழாம் மாதம். கர்ப்பிணிகளும் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று 2021 ஜூலை 2ஆம் தேதி மத்திய அரசு அறிவித்ததை உங்கள் நாளிதழில்தான் படித்தேன். ஆனால் எங்கள் தெருவில் பேச்சே வேறு. ஊசி போட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று யாரோ வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதை, மடியில் சொளவை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே பெண்கள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறார்கள். வாயும் வயிறுமாக இருப்பவள் பயப்படாமல் என்ன செய்வாள்? கர்ப்ப காலத்தில் கொரோனா வந்தால் நோய் கடுமையாகவும், குறைமாதத்தில் பிரசவம் ஆகவும் வாய்ப்பு கூடுதல் என்பதை அந்தக் குரல் சொல்வதில்லை.

பயத்தில் மாதாந்திரப் பரிசோதனையையும் விட்டுவிடுகிறார்கள். எனக்குப் பெரிய கவலை இதுதான். பிள்ளை அசைவு குறைந்தாலோ, உதிரம் பட்டாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ விடியட்டும் என்று இருக்கக் கூடாது. உடனே 108ஐக் கூப்பிட வேண்டும். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது. அப்புறம், கபசுரக் குடிநீரை டாக்டரிடம் கேட்காமல் கர்ப்பிணிக்குக் கொடுக்காதீர்கள்.

எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்றைக்குக் கர்ப்பிணிகளுக்கு ஊசி என்பதை வாரந்தோறும் நெல்லைப் பதிப்பில் கொட்டை எழுத்தில் போடுங்கள். எங்கள் தெருவுக்கு நானே வாசித்துச் சொல்கிறேன்.

பீடித் தொழிலாளி ஒருவர்,
முக்கூடல்.