சுவரைப் பார்த்த ஃபேன்

சோமனூர்

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லோரும் நலம். அம்மா கொடுத்துவிட்ட எண்ணெய் வந்ததா? உன் வேலையைப் பற்றி ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டுதான் திரிகிறேன். ஆனால் பெற்றவளிடம் இரண்டு நிமிஷம் பேச விடாத வேலை என்னடா வேலை?

பொங்கலுக்கு வந்தபோது, அந்தக் குளிரில் டேபிள் ஃபேனைச் சுவர் பக்கம் திருப்பி ஓடவிட்டு, தலையோடு போர்த்திப் படுத்திருந்தாய். கொசு என்றாய். சுவரிலா கொசு? நான் கேட்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷமாக நானும் அதைத்தான் செய்கிறேன். அம்மாவிடம் வேர்க்குது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

2012 கரண்ட் கட்டில்தான் எனக்குக் காது இரைவது தெரிந்தது. தறி நின்றுவிடும், காதுக்குள் மட்டும் கொய்ங்கென்று ஓடும். கூலி இல்லை, சீட்டுப் பாக்கி. ராத்திரி கணக்குப் போடப் போடச் சத்தம் ஏறும், தூக்கம் போகும், மறுநாள் இன்னும் ஏறும். 85 டெசிபலுக்கு மேல் நாள் முழுக்கக் கேட்டால் காது கெடும், விசைத்தறி அதையும் தாண்டும், உள்காதில் செத்த செல் திரும்ப முளைக்காது என்றார் டாக்டர். மாத்திரை கேட்டேன். கவலையைக் குறையுங்கள் என்றார். எரிச்சலாக வந்தது. கடன் அடைந்தபிறகு ஒரு சாயங்காலம் எருமைக்குத் தண்ணி காட்டும்போது, அன்றைக்கு முழுக்க அந்தச் சத்தத்தை நினைக்கவேயில்லை என்று உறைத்தது. உறைத்ததும் கேட்க ஆரம்பித்துவிட்டது, அது வேறு கதை.

நைட் ஷிப்ட்டை மாற்றிக் கேள். காது டாக்டரிடம் காட்டு, அழுக்கு அடைத்தாலும் இரையும். ஒரு காதில் மட்டும் என்றாலோ, நாடி மாதிரி துடித்துக் கேட்டாலோ தள்ளிப் போடாதே. வீட்டு லோனைப் படுக்கையில் யோசிக்காதே. நைட் ஷிப்ட்டை விடு கண்ணு.

நீ பத்தாவது எழுதின லீவு 2013இல்தானே? தார்க்குச்சியில் நூல் சுற்ற உன்னைத் தறிக்குடோனில் உட்கார வைத்தேன். "அப்பா, காதுல வண்டு கத்துது" என்றாய். "தறிக்காரன் பிள்ளைக்கு அது தாலாட்டுடா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். டாக்டர் எனக்குச் சொல்லி ஆறு மாசம்கூட ஆகவில்லை அப்போது. மறுநாளும் உன்னைக் கூட்டிப் போனேன்.

டாக்டரைப் பார்த்துவிட்டு எனக்கு மட்டும் எழுது. அந்த ஃபேன் வேண்டுமென்றால் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். புது ஃபேனில் அவ்வளவு சத்தம் வராது.

அப்பா