தேத்தண்ணியைக் கொஞ்சம் தள்ளி வை

பொகவந்தலாவை
ஞாயிறு இரவு

அன்பு மகள் தாரணிக்கு,

நேற்று நீ போனில் அழுதது அம்மாவுக்குத் தெரியாது. மழையில் சிக்னல் போய்விட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன். எனக்கும் அந்த நேரம் வாய் வரவில்லை. இத்தனை வருஷம் சோக்கட்டியோடு நின்றவன், எழுதினால்தான் கோர்வையாக வருகிறது.

அந்த ஒட்சிசன் டெஸ்டில் (VO2 max) உனக்கு 54, கூட ஓடுகிற பிள்ளைக்கு 60. அதற்குத்தானே "எனக்குப் பொறவியிலயே இல்லப்பா" என்றாய்?

அந்த டெஸ்ட் என்ன அளக்கிறது என்று முதலில் பார். மாஸ்க்கைக் கட்டி, ட்ரெட்மில்லின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், இனி ஏலாது என்று நீ கம்பியைப் பிடிக்கும்வரை ஓட விடுகிறார்கள். ஒரு கிலோ உடம்பு ஒரு நிமிஷத்தில் எத்தனை மில்லிலீட்டர் ஒட்சிசனை எடுக்கிறது என்பதுதான் அந்த இலக்கம். 1920களில் ஏ.வி. ஹில் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி முதுகில் ஒரு பையைக் கட்டிக்கொண்டு, விடுகிற மூச்சை அதில் பிடித்தபடி மான்செஸ்டரில் புல்தரையைச் சுற்றி ஓடிப் பார்த்தார். கொழுந்துக் கூடையோடு நம் ஆட்கள் மலை ஏறுவதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

பிறவி என்று ஒன்று இல்லை என்று உன்னை ஏமாற்ற மாட்டேன். பின்லாந்தில் ஏரோ மாண்டிரான்டா என்று ஒரு பனிச்சறுக்கு வீரர். 1964 ஒலிம்பிக்கில் தனியாக இரண்டு தங்கம் எடுத்தார். அவர் குடும்பத்திலேயே ஒரு மரபணு மாற்றம் ஓடியது, இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கிற ஈமோகுளோபின் 100 மில்லிலீட்டருக்கு 20 கிராமுக்கு மேல். அதை 1993இல்தான் கண்டுபிடித்தார்கள். பயிற்சிக்கு உடம்பு இசைவதும் ஆளுக்கு ஆள் வேறு. அமெரிக்காவிலும் கனடாவிலும் நூறு குடும்பங்கள் அளவில் சேர்த்து, எல்லாருக்கும் ஒரே பயிற்சியை 20 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு நிமிஷத்துக்கு ஒரு லீட்டர் ஒட்சிசன் கூடியது. சிலருக்கு ஒன்றுமே கூடவில்லை. அந்த வித்தியாசத்தில் பாதியளவு பரம்பரை என்று கணக்கிட்டார்கள்.

ஆனால் இலக்கம் பெரிசாக இருந்தால் மட்டும் என்ன? நோர்வேயில் ஒஸ்கார் ஸ்வென்ட்சன் என்ற பொடியனுக்கு 2012இல், பதினெட்டு வயதில் 97.5 வந்தது. அந்த வருஷமே சைக்கிளில் ஜூனியர் உலகச் சம்பியன். இரண்டு வருஷத்தில் சைக்கிள் ஓட்டத்தையே விட்டுவிட்டான். டெரிக் கிளேட்டன் 1969இல் மரதனை 2 மணி 8 நிமிஷம் 33 செக்கனில் ஓடி உலக சாதனை வைத்தவர், அவருக்கு 70 கூட இல்லை. இரண்டு மணித்தியாலத்துக்குள் மரதன் என்று 2017இல் கென்யா ஓட்டக்காரர் கிப்சோகேயைத் தயார்படுத்தினார்களே, அந்தத் திட்டத்துக்காகச் சோதித்த வீரர்களின் சராசரி 71தான்.

காரணம் உன் அப்பாயியிடம் இருந்தது. அவ கொழுந்தெடுக்க ஏறும்போது பார்த்திருக்கிறாயா? நீ சின்னப் பிள்ளை, மறந்திருப்பாய். படங்கைக் கட்டிக்கொண்டு, கூடைக்கயிறு தலையில் இருக்க, கானுக்குக் குறுக்காகப் பாதத்தைச் சரித்து வைப்பா. தோள் ஆடாது. ஓர் அடிகூட வீண் கிடையாது. பக்கத்து நிரையில் இளந்தாரிப் பிள்ளைகள் இளைக்க, அவ கதை பேசிக்கொண்டே போவா. ஒரே வேகத்துக்குக் குறைந்த ஒட்சிசன் செலவழிக்கிற ஆள் அவ. கிளேட்டனும் அப்படித்தான். அதை மாஸ்க் போட்டு அளக்கலாம், ஆனால் நீ சொன்ன 54க்குள் அது இல்லை.

இதுவரை எழுதியது ஆறுதல். இனித்தான் சங்கதி.

நீ படிக்கட்டு ஏறினாலே கால் கனக்கிறது என்றாய். கண்ணுக்குள் வெளுப்பு என்று உன் ரூம் பிள்ளை சொன்னதாகவும் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. தோட்டத்துக் கீழ்க்கணக்கிலிருந்து ஒரு பிள்ளை என்னிடம் படித்தது. வலய மட்டத்தில் 1500 மீட்டரில் முதலாவதாக வந்தது. அடுத்த வருஷம் பாதி ஓட்டத்திலேயே நின்றுவிட்டது. உதடு வெளுத்து, கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "தம் இல்லாத பிள்ளை" என்று பெயரை வெட்டிவிட்டேன். வருஷங்கள் கழித்து கொழுந்து மடுவத்தடியில் கண்டேன். வயிற்றில் பிள்ளை உண்டாகி கிளினிக்குப் போனபோதுதான் ஈமோகுளோபின் பார்த்தார்களாம். "எட்டுத்தான் இருந்துச்சாம் சேர், சின்னதுலருந்தே இப்படித்தான் இருந்திருக்கும்னாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னது. எனக்குச் சிரிக்க முடியவில்லை.

நாம் சுவாசப்பையையே பேசிக்கொண்டிருக்கிறோம். மலைநாட்டுப் பிள்ளைக்கு அது பெரிசு என்று மேடைக்கு மேடை பேசுவார்கள், நானும் பேசியிருக்கிறேன். நுவரெலியாவே 1868 மீட்டர்தான். இரத்தம் ஊறட்டும் என்று வீரர்கள் தேடிப்போவது 2000க்கும் மேலே. பெரும்பாலும் தடையாக நிற்பது இதயம் எவ்வளவு இறைக்கிறது, இரத்தம் எவ்வளவு சுமக்கிறது என்பதுதான். கணக்கு டீச்சரின் மகள்தானே, போட்டுப் பார். ஒரு கிராம் ஈமோகுளோபின் 1.34 மில்லிலீட்டர் ஒட்சிசனைச் சுமக்கும். 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 13 கிராம் இருக்க வேண்டியவளுக்கு 11 என்றால், லீட்டருக்கு 20 கிராம் குறைவு, அதாவது ஏறக்குறைய 27 மில்லிலீட்டர். முழு வேகத்தில் இதயம் நிமிஷத்துக்கு 18 லீட்டர் இறைத்தால் 480 போச்சு. உன் 48 கிலோவுக்குப் பிரித்தால் பத்து. அத்தனையும் தசையில் இறங்கப்போவதில்லை, பாதி என்றே வை. ஐந்து வருகிறது. அந்தப் பிள்ளைக்கும் உனக்கும் ஆறுதானே வித்தியாசம்?

உனக்கும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. பார்க்காமல் பிறவி மேல் பழி போடாதே என்கிறேன். ஈமோகுளோபினோடு பெரிட்டினும் பார்க்கச் சொல்லிக் கேள். இரும்பின் சேமிப்பு அதில்தான் தெரியும். ரிப்போர்ட் வராமல் இரும்புக் குளிசை வாங்கிப் போடாதே, கூடினாலும் கெடுதல். மாதாமாதம் இரத்தம் போவதோடு, ஓடும்போது பாதம் தரையில் அடிபட்டும் சிவப்பணு உடையும் என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். "பிள்ளை காலை ரொட்டியோட மூணு கோப்பை குடிக்குதே" என்று அவதான் எடுத்துக்கொடுத்தா.

சோற்றோடும் ரொட்டியோடும் குடிக்கிற தேத்தண்ணி சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது. நாலு தலைமுறையாய் நாம் பறித்த கொழுந்து இப்படியும் ஒரு வேலை செய்கிறது! விடச் சொல்லவில்லை, நம்மால் ஆகாது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடி. கீரையில் தேசிக்காய் பிழிந்துகொள். கிழமைக்கு ஒருதரம் ஈரல்.

நெத்தலிக் கருவாடு ஒரு பார்சல், முருங்கை இலை காயவைத்து இடித்தது ஒரு போத்தல், பக்கத்து லயத்துத் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வருவான். தேயிலைத் தூளும் இருக்கிறது. அம்மா வைத்துவிட்டா, எடுக்க விடவில்லை.

ரிப்போர்ட் வந்ததும் படம் எடுத்து வாட்சப்பில் போடு. இரவானாலும் பரவாயில்லை, முழித்திருப்பேன்.

அப்பா