5,000 வெள்ளி திரும்பி வந்தது

சுங்கை சிப்புட் மக்களுக்கு வணக்கம்.

தோற்றவர்கள் நன்றி மடல் எழுதுவது நம் ஊரில் வழக்கமில்லை. ஆனாலும் எட்டில் ஒரு பங்கு ஓட்டுக்கு மேல் போட்டு, சட்டமன்றத் தேர்தலுக்கு நான் கட்டிய 5,000 வெள்ளி (ரிங்கிட்) வைப்புத்தொகையைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள். அதற்காவது எழுத வேண்டாமா?

மேடைக்கு மேடை "இன்னார் பேத்தி, இன்னார் மகள்" என்றுதான் என்னை அறிமுகப்படுத்தினார்கள். 1960இல் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கும் துண்டாடலுக்குப் பயந்திருந்த சனங்களிடம் பங்கு சேர்க்க, தொழிலாளர் வீடுகள் இருந்த லயம் லயமாகச் சைக்கிள் மிதித்தவர் தாத்தா. அப்பா கட்சிக் கிளைத் தலைவர். காலை ஆறு மணிக்கே யாராவது ஒரு விண்ணப்பப் பாரத்தை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பெயரால் எனக்குச் சில காரியங்கள் சுலபமாக நடந்தன, மறைக்க மாட்டேன்.

கோர்ட்டில் அது செல்லவில்லை. துணை அரசு வழக்கறிஞராகச் சேர்ந்த முதல் வாரம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஐயா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "மெதுவாப் பேசுங்கம்மா, நீங்க மூச்சு விட்டாத்தான் நான் சாட்சிக்குச் சொல்ல முடியும்" என்றார். அன்றிலிருந்து 11 வருஷம், சாட்சியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அடுத்த கேள்வி. ஐயாவுக்கு முதல் நன்றி.

அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டு தேர்தலில் நிற்க முடியாது. ராஜினாமா செய்துவிட்டு வந்ததும், பென்ஷன் போச்சே என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் சோறு போட்டார்.

அடுத்து மைலோ டின் பாட்டி. தோட்டம் கைமாறியபோது, அவர் வேலைக்குச் சேர்ந்த ஆண்டை நிர்வாகம் பின்னுக்குத் தள்ளி, பிந்திச் சேர்ந்ததாகக் காட்டியது. 1980ஆம் ஆண்டு பணிநீக்க இழப்பீட்டு விதிமுறைப்படி, 5 ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் இழப்பீடு. ஆண்டு குறைந்தால் காசு குறையும். பாட்டி டின்னைத் திறந்தார். முப்பது வருஷச் சம்பளச் சீட்டு, வருஷவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு! லேபர் ஆபிஸ் விசாரணையில் நான் அதிகம் பேசவே இல்லை. ஊரில் பெயர் மட்டும் எனக்கு வந்தது.

முகவர்களாக உட்கார்ந்த தம்பி தங்கைகளே, ஓட்டு எண்ணிக்கையைக் காட்டும் பாரம் 14ஐ வாங்கிச் சரிபார்க்காமல் ஒருவரும் எழுந்து வரவில்லை. தோற்கிறோம் என்று தெரிந்த பிறகும். அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது. உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவர வேன் தருவதாகச் சொன்னவர் அன்றைக்குப் போனையே எடுக்கவில்லை. யார் என்று சொல்ல மாட்டேன். மெக்கானிக் அண்ணன்தான் பட்டறையை மூடிவிட்டு, பழைய புரோட்டோன் சாகாவில் நாசி லெமாக் பொட்டலங்களை ஏற்றிக்கொண்டு மழையில் சுற்றினார். பெட்ரோல் காசு கொடுத்தால் திட்டுகிறார். அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்: நன்றி அண்ணே.

என் ஆபிஸ் அதே கடை மாடியில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை திறக்கிறேன். சம்பளச் சீட்டு இருந்தால் எடுத்து வாருங்கள், டின்னோடு வந்தாலும் சரி.

அன்புடன்,
உங்கள் முன்னாள் வேட்பாளர்